மாமி வாட்டா: காலனியகால அச்சுப்படமும் நீர்த்தெய்வ உருவாக்கமும்

முன்னுரை

பாரிசு நகரின் லா சப்பல் பகுதியில் ஈழத்தமிழர் கடைவீதியும், அதனை அடுத்த கூத் தோர் பகுதியில் மேற்கு ஆப்பிரிக்கர் கடைவீதியும் அமைந்துள்ளன. இவ்விரு மக்களும் அங்குக் குடியேறுவதற்கு முன்னரே, இந்தியாவுக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் இடையே தெய்வப்படங்கள் வழியாக ஒரு தொடர்பு ஏற்பட்டிருந்தது. 'மாமி வாட்டா' என்னும் நீர்த்தெய்வத்தின் உருவ வரலாறு அதனைப் புலப்படுத்துகிறது.

பெயரும் பழைய வழிபாடும்

இங்கு 'மாமி' என்பது தமிழ் உறவுப்பெயர் அன்று. இத்தொடர் 'நீர்த்தாய்' எனப் பொருள்படும் கடற்கரை வணிக ஆங்கில வழக்காகும். தமிழ் மரபு நீர்த்துறை அணங்கையும் நீரரமகளிரையும் அறிந்திருந்தது போன்றே, மேற்கு ஆப்பிரிக்கரும் ஐரோப்பியர் வருகைக்கு முன்பே ஆற்றிலும் கடலிலும் உறையும் தெய்வங்களை வழிபட்டனர். மீன்வால் கொண்ட பெண்ணுருவை ஐரோப்பிய மாலுமிகள் கொணர்ந்தனர். ஏறத்தாழ 1490–1530 காலத்தில் சியரா லியோன் பகுதியின் சாப்பிக் கலைஞர்கள் போர்த்துக்கீசியருக்காகச் செதுக்கிய தந்தக் கலைப்பொருள்களில் அவ்வுருவம் இடம்பெற்றுள்ளது.

ஹாம்பர்க் படம்

1880களில் ஹாம்பர்க் நகரின் ஃப்ரீட்லெண்டர் அச்சகம், பாம்பாட்டிப் பெண் ஒருத்தியின் வண்ணக் கல்லச்சுப் படத்தை வெளியிட்டது. கீழைநாட்டாரை விந்தைப் பொருளாகக் காட்டிய கேளிக்கை மேடைக்கான விளம்பரம் அது. அடர்ந்த கருங்கூந்தலும் உடலைச் சுற்றிய பாம்பும் கொண்ட அப்பெண், மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் கடல்கடந்து வந்த நீர்த்தெய்வமாகக் கொள்ளப்பட்டாள். ஆங்குப் பல பகுதிகளில் பாம்பு, நீரோடும் வானவில்லோடும் தொடர்புடைய புனித உயிராகும். 1901ஆம் ஆண்டளவில் நைஜர் கழிமுகத்துப் போன்னி நகரில் இப்படத்தின் சாயலில் மரத் தலையணி செதுக்கப்பட்டிருந்ததை, ஜே. ஏ. கிரீன் எடுத்த ஒளிப்படம் மெய்ப்பிக்கிறது.

பம்பாய்ப் படிகள்

1955இல் பம்பாயின் ஸ்ரீராம் நாட்காட்டி நிறுவனம், இன்றைய கானாவின் குமாசி நகர வணிகர்களுக்காக அதே படத்தை 12,000 படிகள் மறு அச்சிட்டது. இந்திய வணிகர்வழிப் பரவிய இந்துத் தெய்வப்படங்களும் இவ்வழிபாட்டில் இணைந்தன. மும்முகத் தத்தாத்திரேயர் படம் டோகோ, பெனின் பகுதிகளில் டென்சு என்னும் நீர்த்தெய்வத்தின் உருவாயிற்று.

முடிவுரை

காலனியக் கலை தன் பார்வையைத் திணித்தது என்று கூறுவதோடு ஆய்வு நின்றுவிடலாகாது. கேளிக்கைக்கென அச்சிடப்பட்டதை வழிபாட்டுக்கு உரியதாக மாற்றியவர்கள் ஆட்பட்ட மக்களே. இந்தியாவிலும் ரவிவர்மா 1894இல் நிறுவிய அச்சகம், செர்மானியத் தொழில்நுட்பத்தின் துணையால் தெய்வங்களுக்குப் புதுமுகம் தந்தது. தமிழர் கடைகளில் தொங்கும் நாட்காட்டித் தெய்வங்கள் அம்மரபின் தொடர்ச்சியே. ஆதலின், புலம்பெயர் தமிழரின் படவழிபாட்டை ஆராய்வோர், அடுத்த வீதியினரின் வழிபாட்டையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.