செங்கோட்டையிலிருந்து எல்-1 வரை

கடையம் பக்கம் இன்ஜினீயரிங் முடித்த பிள்ளையிடம் "அடுத்து என்ன?" என்று கேட்டால், பெரும்பாலும் "சாப்ட்வேர்" என்றே பதில் வரும். முன்பெல்லாம் அதற்காகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் பெட்டி கட்டினார்கள். மத்தளம்பாறைக்கு ஸோஹோ வந்த பிறகு, பஸ் ஏறிப் போய்வரும் தூரத்திலேயே அந்த வேலை இருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அதே படிப்பு விண்வெளி ஆய்வுக்கும் கூட்டிப்போகும் என்ற பேச்சு மட்டும் நம் வீடுகளில் எழுவதே இல்லை. இத்தனைக்கும் அப்படிப் போய் உச்சம் தொட்டவர் நம் மாவட்டத்துக்காரர்.

செங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நிகர் ஷாஜி, பள்ளிப்படிப்பையும் அங்கேயே முடித்தார். பிறகு திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல், தகவல் தொடர்பியல். ராஞ்சியை அடுத்த மெஸ்ராவில் மேற்படிப்பு. 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். ஸ்ரீஹரிகோட்டாவில் தொடங்கிய பணி, பிறகு பெங்களூரு செயற்கைக்கோள் மையத்தில் தொடர்ந்தது.

அவர் ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய துறைகளில் ஒன்று படச் சுருக்கம். செயற்கைக்கோள் எடுக்கும் படங்கள் மிகப் பெரியவை. அவற்றைத் தரைக்கு அனுப்பும் ரேடியோ வழியோ குறுகலானது. எந்த விவரத்தை அப்படியே காப்பது, எதைச் சுருக்கினால் பழுதில்லை என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்து, அதை நிரலாக்க வேண்டும். கோடு எழுதும் பிள்ளைகளுக்கு இந்தச் சவால் சட்டென்று பிடிபடும்.

ரிசோர்ஸ்சாட்-2ஏ செயற்கைக்கோளுக்கு இணைத் திட்ட இயக்குநராக இருந்தார். அது 2016 டிசம்பரில் விண்ணுக்குப் போனது. அடுத்து சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1, இம்முறை திட்ட இயக்குநராக. வெவ்வேறு நிறுவனங்கள் உருவாக்கிய ஏழு ஆய்வுக்கருவிகளை ஒரே கலத்தில் பொருத்தி, ஒன்றின் வேலை இன்னொன்றைக் கெடுக்காமல் இயங்க வைக்க வேண்டும். ஒரு துறையில் மட்டும் கெட்டிக்காரராக இருந்தால் இது நடக்காது. மின்சுற்று, நிரல், வெப்பம், எரிபொருள் என்று எல்லாக் குழுக்களின் பேச்சும் தலைமையில் இருப்பவருக்குப் புரிய வேண்டும். அந்தப் புரிதல் பல ஆண்டுகள் கீழிருந்து உழைத்து வருவது; பதவி உயர்வு ஆணையோடு சேர்ந்து வருவதல்ல.

2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய கலம், 2024 ஜனவரி 6-ல் சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலுள்ள எல்-1 புள்ளியைச் சுற்றும் ஹாலோ பாதையில் நுழைந்தது. பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர். இங்கிருந்து கட்டளை போய்ச்சேர 5 விநாடி, பதில் வர இன்னொரு 5 விநாடி. அவசரமென்றால் அதுவரை காத்திருக்க முடியாது. கலம் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் அறிவை முன்கூட்டியே நிரலாக எழுதி ஏற்றியிருக்க வேண்டும். அதை எழுதுபவர்களும் சாப்ட்வேர் இன்ஜினீயர்கள்தான்.

இஸ்ரோவில் சேர்ந்த நாளிலிருந்து எல்-1 வரை 36 ஆண்டுகளுக்கு மேல். சீக்கிரம் சம்பளம் ஏற வேண்டும் என்பவர்களுக்கு இது நீண்ட பாதை. அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்வதே நியாயம்.

விஞ்ஞானி-பொறியாளர் பணிக்கு இஸ்ரோ ஆளெடுக்கும்போது மின்னணுவியல், இயந்திரவியலோடு கணினி அறிவியல் படித்தவர்களையும் எடுக்கிறது. இஸ்ரோவின் விண்வெளிக் கல்லூரி நமக்கு மலைக்கு அந்தப்புறம், திருவனந்தபுரம் வலியமலையில் இருக்கிறது. கடையம், ஆழ்வார்குறிச்சி, பாவூர்சத்திரம் பள்ளி ஆசிரியர்களே, பிளஸ் ஒன் வகுப்பில், முக்கியமாக மாணவிகளிடம், இந்த விவரங்களை இந்த ஆண்டே சொல்லுங்கள்.