ஆயுத பூஜைக்கு லேப்டாப்பைத் துடைக்கப் போறீங்களா? அந்த ஸ்ப்ரேயைக் கொஞ்சம் தள்ளி வைங்க!

ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி. ஸ்கூட்டர், தையல் மெஷின், மிக்ஸி, கேஸ் அடுப்பு எனச் சுற்றி வரும் துணி, கடைசியில் மேஜைக்கு வரும். போன வருடம் மேஜையில் என் லேப்டாப் இருந்தது. பீரோ கண்ணாடிக்கு அடிக்கும் நீல நிற ஸ்ப்ரேயை ஸ்கிரீனில் நாலு முறை அடித்து, பளபளவென்று துடைத்து, சந்தனம் குங்குமமும் வைத்துவிட்டார் அம்மா. விஜயதசமி காலையில் ஆன் செய்தால், திரையின் அடியிலிருந்து மேல் வரை கோடு கோடாக நின்றது. டிஸ்ப்ளே பேனலையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. பாதி மாதச் சம்பளம் காலி.

அம்மாவைத் திட்டவும் மனசு வரவில்லை. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருப்பதை, கண்ணாடி துடைப்பது போலத்தானே துடைப்பார்கள்?

டச் ஸ்கிரீன் இல்லாத பெரும்பாலான லேப்டாப்களில் மேலே இருப்பது கண்ணாடியே இல்லை, மெல்லிய பிளாஸ்டிக் படலம். வெளிச்சம் பட்டுக் கண் கூசாமல் இருக்க அதன்மேல் ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். கண்ணாடி ஸ்ப்ரேக்கள் பலவற்றில் உள்ள அம்மோனியா அந்தப் பூச்சைக் கெடுத்து, திரையைத் திட்டுத்திட்டாக மங்கலாக்கிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து, ஸ்ப்ரே வழிந்து எங்கே போகிறது என்பது. பெரும்பாலான மாடல்களில் திரையை இயக்கும் சிப்களும் சர்க்யூட்டும் இருப்பது கீழ் விளிம்பில், ஃப்ரேமுக்குப் பின்னால். வழிகிற ஈரம் நேராக அங்கேதான் இறங்கும்.

அதனால் எந்தத் திரவமானாலும் துணியில்தான் படவேண்டும், லேப்டாப்பில் நேரடியாகப் படவே கூடாது. மீதியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் ஷட் டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். திரை கறுப்பாக இருந்தால் கைரேகையும் தூசியும் நன்றாகத் தெரியும். காய்ந்த மைக்ரோ ஃபைபர் துணியால் தூசியை அழுத்தாமல் தட்டி எடுங்கள். தூசி இருக்கும்போதே தேய்த்தால், அந்தத் துகள்களே கீறல் போடும். டிஷ்யூ பேப்பர், நியூஸ் பேப்பர், பழைய பனியன் எதுவும் வேண்டாம். 2021-ல் ஆப்பிள் ஒரு துடைக்கும் துணியை 1,900 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்து இணையத்தில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் சும்மா தரும் துணியே நமக்குத் தாராளம்!

பிசுக்குப் போகவில்லை என்றால் துணியின் ஒரு மூலையை மட்டும் நனைத்து, ஒட்டப் பிழிந்து துடையுங்கள். போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைத் தடம் விழும். இன்வெர்ட்டருக்கு வாங்கி வைத்திருக்கும் டிஸ்டில்டு வாட்டர் நல்லது. உடனே காய்ந்த துணியால் ஒருமுறை ஒற்றிவிடுங்கள். ஆப்பிள் தன் கருவிகளின் திரையை 70 சதவிகித ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைப்ஸால் மெதுவாகத் துடைக்கலாம் என்கிறது. அதை எல்லா லேப்டாப்புக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளாமல், உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்துவிடுங்கள்.

வெளிப்புற பாடி அவ்வளவு நோஞ்சான் இல்லை. அரை ஈரத்துணி போதும், பிடிவாதமான அழுக்குக்கு அதே ஆல்கஹாலைத் துணியில் தொட்டுக்கொள்ளலாம். நெயில் பாலிஷ் ரிமூவர் மட்டும் கூடவே கூடாது. அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். சார்ஜர், யு.எஸ்.பி துளைகளுக்குள் ஈரத்துணியோ பட்ஸோ விட வேண்டாம். கீபோர்டைச் சாய்த்துப் பிடித்து, கேமராவுக்கு வாங்கும் ரப்பர் ப்ளோயரால் ஊதினால் முறுக்குத் தூள் உட்பட எல்லாம் உதிரும்.

இவ்வளவுக்குப் பிறகும் தண்ணீர் உள்ளே போய்விட்டதா? ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். ஹேர் டிரையரும் வேண்டாம், அரிசி மூட்டையும் வேண்டாம். சார்ஜரைக் கழற்றி, அணைத்த நிலையிலேயே சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போய், என்ன திரவம் பட்டது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சந்தனப் பொட்டு? மேல் மூடியின் நடுவில் சின்னதாக வைக்கலாம். ஃபேன் காற்று போகும் துளை, ஸ்பீக்கர் பக்கம் வேண்டாம், காய்ந்து உதிரும் தூள் உள்ளே போகும். சாம்பிராணி போடும்போது லேப்டாப் அணைந்தே இருக்கட்டும். இந்த வருடம் எங்கள் வீட்டில் பொட்டு லேப்டாப் பைக்குத்தான். அம்மாவே சொல்லிவிட்டார்.