சோம்பேறியா, பொறுமைசாலியா?

மந்தமாக வேலை செய்யும் பிள்ளையை, "தேவாங்கு மாதிரி நிற்காதே!" என்று ஏசும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அந்தத் தேவாங்கை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா? அது உண்மையிலேயே சோம்பேறிதானா?

உலகிலேயே மிகப்பெரிய சோம்பேறி என்று பெயர் வாங்கியது தென், மத்திய அமெரிக்கக் காடுகளில் வாழும் ஸ்லோத் என்னும் பிராணி. ஆங்கிலத்தில் அந்தப் பெயருக்கே சோம்பல் என்றுதான் பொருள். மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அது காலத்தைக் கழிக்கும். மலம் கழிப்பதற்காக ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு தடவைதான் தரையில் இறங்கும். காரணம் என்ன தெரியுமா? அதன் உணவு இலைகள். இலையில் சத்துக் குறைவு; அது செரிப்பதற்கோ பல நாட்கள் ஆகும். கிடைப்பது கொஞ்சம் என்பதால் செலவழிப்பதும் கொஞ்சம். வருமானத்துக்கு ஏற்பச் செலவு செய்யும் நல்ல குடும்பத் தலைவியைப் போன்றது அது! நாள் முழுவதும் தூங்கும் என்பதும் தவறு. 2008இல் பனாமாக் காட்டில் ஆராய்ந்தபோது, அது ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் குறைவாகவே தூங்குவது தெரியவந்தது.

ஸ்லோத் நம் நாட்டில் இல்லை. ஆனால் 'மெல்ல நடப்பவர்' என்று பெயர் வாங்கிய ஒருவர் நமக்கு அருகிலேயே இருக்கிறார். அவர்தான் தேவாங்கு. சிங்களத்தில் 'உணஹபுளுவா' என்பார்கள். 1758இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் அதற்கு 'டார்டிகிரேடஸ்', அதாவது மெல்ல அடியெடுத்து வைப்பது, என்று பெயர் சூட்டினார்.

பேராதனை, கண்டிப் பகுதியில் வசிப்பவர்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. கண்டி நகரை ஒட்டிய உடவத்தகலைக் காட்டில் தேவாங்கு உண்டு. பெரும்பாலும் 100 முதல் 350 கிராம் வரைதான் அதன் நிறை. வால் இல்லை. குச்சி போன்ற கை கால்கள். முகத்தை நிறைக்கும் இரண்டு பெரிய கண்கள். பகலில் அடர்ந்த கிளைகளுக்குள் சுருண்டு தூங்கும். இரவானதும் பூச்சிகளையும் சிறு பல்லிகளையும் தேடிப் புறப்படும்.

ஓசையின்றி ஊர்ந்து சென்று, இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் மின்னல் வேகத்தில் கையை நீட்டிப் பிடிக்கும். அந்த மெதுநடை சோம்பல் அல்ல, வேட்டைத் தந்திரம். தேவைப்பட்டால் கிளை வழியே விரைவாகவும் ஓடும்.

தாயாக அது காட்டும் பொறுமையையும் கேளுங்கள். சுமார் ஐந்தரை மாதம் கருவைச் சுமந்து ஒன்றோ இரண்டோ குட்டிகளை ஈனும். முதல் சில வாரங்கள் குட்டி தாயின் வயிற்றைப் பற்றியபடியே இருக்கும். பிறகு இரவில் குட்டியை ஒரு கிளையில் விட்டுவிட்டுத் தாய் இரை தேடப் போகும். தாய் வரும்வரை குட்டி கிளையைப் பிடித்தபடி காத்திருக்கும்.

ஆனால் இந்தச் சாதுவுக்கு மனிதனால் வரும் தொல்லைகள் எத்தனை! அதைக் கண்டால் கெட்ட சகுனம் என்று அடிப்பவர்கள் உண்டு. அதன் கண்ணை வசியத்துக்கும் மருந்துக்கும் தேடுபவர்களும் உண்டு. சகுனம் பார்ப்பதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் கதியை நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததும் நாம் அறிந்ததே. அப்படியிருக்க, வாயில்லாப் பிராணியை வதைக்க நமக்கு என்ன நியாயம்?

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஆபத்தைக் கண்டால் அசையாமல் நிற்பது தேவாங்கின் இயல்பு. பகைவன் கண்ணில் படாமல் தப்ப மரத்திலே இது உதவும். வீதியில் வாகன வெளிச்சத்தின் முன்னே அதே பழக்கம் உயிரைப் பறித்துவிடும். மரத்துக்கு மரம் கிளைகள் தொடாமல் வெட்டப்படும்போது அது தரையில் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் மின்கம்பியைப் பிடிக்க வேண்டும்.

நம்பிக்கை தரும் செய்திகளும் இல்லாமலில்லை. ஹோர்ட்டன் சமவெளியில் வாழும் ஒரு வகைத் தேவாங்கு அழிந்துவிட்டதாகவே பலர் எண்ணியிருந்தனர். 2010இல் அதன் புகைப்படம் வெளியானது. தமிழ்நாட்டில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் காடு 2022இல் தேவாங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

நாம் செய்யக்கூடியது என்ன? தோட்டத்தில் தேவாங்கைக் கண்டால் பிடிக்க வேண்டாம். வளர்க்க ஆசைப்படவும் வேண்டாம். அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பிராணி. வெளிச்சத்தை அணைத்து, நாயைக் கட்டிவிட்டு, அது தன் வழியே போக இடம் கொடுங்கள். காயப்பட்டிருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வேலியோரம் மரம் வெட்டும்போது, அடுத்த மரத்தைத் தொடும் ஒரு கிளையையாவது விட்டுவையுங்கள். அந்த ஒரு கிளைதான் அதற்குப் பாதை!