சென்னையில் இக்பால் எழுப்பிய காலக் கேள்வி

1929 சனவரித் திங்களில் சென்னை மாநகர் ஒன்றையொன்று அறியாத இரு அறிவுக் கூட்டங்களைக் கண்டது. ஒன்று, இந்திய அறிவியல் பேராயத்தின் 16ஆம் மாநாடு. ஓராண்டுக்கு முன் ஒளிச்சிதறலில் புதிய விளைவைக் கண்டறிந்திருந்த சி. வி. இராமன் அதற்குத் தலைமை வகித்தார். மற்றொன்று, ஆர்மீனியன் தெருவின் கோகலே மண்டபத்தில் லாகூர்க் கவிஞர் முகம்மது இக்பால் நிகழ்த்திய மூன்று பேருரைகள். முன்னது இயற்பியலாரின் அவை. பின்னது மேற்கத்திய நாகரிகத்தின்முன் இசுலாமியச் சமூகம் எவ்வாறு நிற்பது என்று ஆராய்ந்த அவை. ஆயினும் அந்தப் பின்னதிலும் ஐன்ஸ்டைன் வந்தார், நியூட்டன் வந்தார், எண்களின் முடிவிலியை ஆராய்ந்த காண்டர் வந்தார். சமயப் பேருரையைக் கேட்க வந்தோருக்குச் சார்பியல் கோட்பாடு பரிமாறப்பட்டது.

அந்த நாளில் கடற்கரையோர மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், அகவை 18, வீடு மயிலாப்பூர் எட்வர்டு எலியட்சு சாலையில், இன்றைய டாக்டர் இராதாகிருட்டிணன் சாலையில். பிறந்தது மட்டும் லாகூரில். விண்மீன்களின் அகத்தே சார்பியல் என்ன செய்கிறது என்பதை அவர் அடுத்த ஆண்டு கப்பலில் கணக்கிடப் போகிறார். ஒரே நகரில், ஒரே காலத்தில், இருவர் ஐன்ஸ்டைனை இரு முனைகளிலிருந்து அணுகியிருக்கிறார்கள் என்பதற்காகவே இதைச் சொல்லிவைக்கிறேன்.

இக்பாலை அழைத்தது சென்னை முசுலிம் சங்கம். அதற்குப் பின்னே நின்ற வள்ளல் தோல் வணிகர் ஜமால் முகம்மது சாகிபு. திருச்சியில் இன்றும் ஒரு கல்லூரி அவர் பெயரால் விளங்குகிறது. ஆங்கிலக் கல்லூரிகளில் பயிலும் முசுலிம் இளைஞர் தம் மரபையும் அறியாமல், மேற்கின் மரபையும் முழுதறியாமல் இடையில் நிற்கிறார்கள் என்ற கவலையே அந்தப் பேருரை வரிசைக்கு வித்து. 1925இல் சுலைமான் நத்வி வந்து நபிகளாரின் வாழ்வைப் பற்றி உருதுவில் உரைத்தார். 1927இல் வந்தவர் மர்மதூக் பிக்தால். இசுலாத்தைத் தழுவிய ஆங்கிலேயர். இசுலாத்தைப் பற்றிப் பேச ஒரு மேற்கத்தியரையே சென்னை அழைத்தது ஒரு சுவையான செய்தி. மூன்றாமவரான இக்பால் கேம்பிரிட்சில் பயின்றவர், மியூனிக்கில் முனைவர் பட்டம் பெற்றவர், ஆங்கில அரசின் 'சர்' பட்டத்தையும் தாங்கியவர். ஐரோப்பாவை அவர் கேள்வியால் அறிந்தவர் அல்லர். உரையையும் ஆங்கிலத்தில்தான் நிகழ்த்தினார்.

முதல் உரையிலேயே அவர் தம் வழக்கை எடுத்துவைத்தார். இசுலாமிய உலகம் மிகுந்த விரைவில் மேற்கை நோக்கி நகர்கிறது, அதில் தவறில்லை, ஐரோப்பிய அறிவு ஒருகாலத்தில் இசுலாமியப் பண்பாடு தொடங்கிவைத்த சில சிந்தனைகளின் மேல்வளர்ச்சியே. அஞ்சவேண்டியது வேறொன்று. அந்த நாகரிகத்தின் புறப்பொலிவு கண்ணைக் கூசவைத்து, அதன் உள்ளீட்டை எட்டவிடாமல் நம்மைத் தடுத்துவிடலாம். இதுவே அவர் கூற்றின் சாரம்.

இந்த அச்சம் வெறும் மேடைப் பேச்சன்று. இரண்டு திங்களுக்கு முன்புதான் துருக்கி அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்தைச் சட்டமாக்கியிருந்தது. காபூலில் மேனாட்டு உடையைக் கட்டாயமாக்கிய அரசர் அமானுல்லா கிளர்ச்சிக்குத் தாங்காமல், இக்பால் தென்னாட்டில் இருந்த அதே சனவரியின் 14ஆம் நாள் அரியணையைத் துறந்தார். தொப்பியையும் எழுத்தையும் மாற்றியோர் ஆய்வகத்தையும் பல்கலைக்கழகத்தையும் அதே வேகத்தில் எழுப்பவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1933இல், கல்வி குறித்து ஆலோசனை வழங்க ஆப்கானிய அரசர் நாதிர் ஷா அழைத்தவர்களுள் இக்பாலும் இருந்தார், அவருக்கு முன் சென்னையில் பேசிய நத்வியும் இருந்தார்.

அறிவியலை மேற்கின் சொத்து என்று தள்ளும் போக்கை இக்பாலுக்கு முன்பே ஒருவர் கடிந்திருக்கிறார். 1882இல் கல்கத்தாவில் பேசிய ஜமாலுத்தீன் அல்-ஆப்கானி, அறிவை முசுலிம் அறிவு, ஐரோப்பிய அறிவு என்று கூறுபோடும் மார்க்க அறிஞரான உலமாக்களை நேருக்கு நேர் சாடினார். பிரித்தானிய ஆட்சியின் கடும் பகைவர் அவர். அரிசுடாட்டிலை அயலவர் என்று ஒதுக்காத உலமா கலிலியோவை மட்டும் ஏன் ஒதுக்குகிறார் என்பதே அவர் வினாவின் உட்பொருள். அரசியலில் மேற்கை எதிர்ப்பதும் அறிவில் அதனிடம் கற்பதும் ஒருவரிடத்தே ஒருங்கே நிற்கக்கூடும் என்பதற்கு அவரே சான்று. ஆனால் ஆப்கானி அறிவியலின் வாயிலோடு நின்றுவிட்டார். இக்பால் உள்ளே நுழைந்து பொருள்களை எடுத்துப் பார்த்தார். அவருடைய இரண்டாம் உரை எனக்கு மற்றெல்லாவற்றினும் பெரிதாகத் தோன்றுவது அதனால்தான்.

சார்பியலை அவர் முதலில் வரவேற்கிறார். வெளி ஒரு வெற்றுப் பெட்டி, அதில் பருப்பொருள் கட்டிகளாகக் கிடக்கிறது என்ற நியூட்டன் காலப் பொருள்முதல் பார்வையை ஐன்ஸ்டைன் தகர்த்துவிட்டார் என்பதில் அவருக்கு நிறைவு. பிறகுதான் தடை எழுப்புகிறார். காலத்தை நான்காம் பரிமாணமாக வைத்துவிட்டால், நாளை என்பது நேற்றைப் போலவே முன்னரே அமைந்துகிடக்கும். நிகழ்ச்சிகள் நிகழ்வதில்லை, நாம் அவற்றிடம் போய்ச் சேர்கிறோம், அவ்வளவே. அப்படியானால் மாந்தரின் முயற்சி எங்கே, இறைவனின் ஓயாத படைப்பு எங்கே? ஐன்ஸ்டைனின் காலம் உண்மையில் என்ன என்பதைத் தம்மைப் போன்ற துறைசாராதவர் அறுதியிட இயலாது என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். காலம் ஓர் ஓட்டம் என்று முழங்கிய மெய்யியலார் பெர்க்சனிடம் போய் அவர் அடைக்கலம் புகவுமில்லை. பெர்க்சன் காலத்திலிருந்து நோக்கத்தை நீக்கிவிட்டார் என்று அவரையும் மறுக்கிறார்.

இந்தத் தடை எவ்வளவு ஆழமானது என்பதை ஒரு சிறு கணக்கால் காணலாம். இயற்பியலார் ரோஜர் பென்ரோசு பின்னாளில் பரப்பிய எடுத்துக்காட்டு இது. மயிலாப்பூர் லசு முனையில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். மற்றொருவர் அவரைக் கடந்து, ஆந்திரமேடா விண்மீன் திரள் இருக்கும் திசையில் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடக்கிறார். அத்திரள் ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. 'இந்த நொடியில் அங்கே என்ன நடக்கிறது' என்று இருவரும் கேட்டால், சார்பியல் தரும் விடை ஒன்றாக இராது. வேகத்தை ஒளியின் வேகத்தால் வகுத்து, தொலைவை ஒளி கடக்க ஆகும் காலத்தால் பெருக்கினால் கிடைக்கும் வேறுபாடு ஏறக்குறைய மூன்று நாள். அமர்ந்தவருக்கு இன்னும் வாராத மூன்று நாள், நடப்பவரின் 'இப்போது' என்னும் கோட்டுக்குள் வந்துவிடுகிறது. இருவரும் தோளுரசி நிற்கும்போதே இப்படி.

ஒருவருக்கு எதிர்காலமாக இருப்பது அருகிலிருப்பவருக்கு நிகழ்காலம் என்றால், எதிர்காலம் ஏற்கெனவே அமைந்துவிட்டது என்றுதானே ஆகும்? 1960களின் நடுவில் இயற்பியலார் ரீட்டைக்கும் அமெரிக்க மெய்யியலார் இலரி புட்னமும் இதே வாதத்தை முறைப்படி அடுக்கி, ஆம் என்றனர். இக்பால் அந்த முடிவை அஞ்சித் தடுக்க முயன்றார். அவர்கள் அதை ஏற்றுக்கொண்டனர். ஆனால் கோட்பாடு இந்த முடிவுக்குப் போகிறது என்று 1929இலேயே கண்டவர் பார்வை கூர்மையானது.

கூர்மையானது என்பேன், முழுதும் சரி என்னமாட்டேன். அந்த மூன்று நாளின் செய்தி லசு முனையில் நிற்கும் எவரையும் எட்ட 25 இலட்சம் ஆண்டாகும். ஒன்றன் விளைவாக மற்றொன்று நிகழும் இரு நிகழ்ச்சிகளின் முன்பின் வரிசையைச் சார்பியல் எந்த நோக்கருக்கும் தலைகீழாக்குவதில்லை. காரணம் முன், காரியம் பின் என்பது காக்கப்படுகிறது. மாறுவதெல்லாம் ஒன்றையொன்று தொடமுடியாத நிகழ்ச்சிகளின் வரிசை மட்டுமே. ஆகவே எதிர்காலம் முன்னரே எழுதப்பட்டது என்பது சமன்பாடு சொல்வதன்று, சமன்பாட்டுக்கு நாம் கற்பிக்கும் பொருள். கோட்பாடு அமைப்பை மட்டுமே பேசும், அதன் இறுதி இயல்பைப் பேசாது என்று இக்பாலும் ஓரிடத்தில் சொல்கிறார். அந்தச் சொல்லை அவரே இறுதிவரை பற்றியிருந்தால் தடையின் முனை மழுங்கியிருக்கும். சார்பியலின் நடைமுறைப் பக்கத்தில் ஐயத்துக்கு இடமே இல்லை. வழிகாட்டும் செயற்கைக்கோளின் கடிகாரம் தரைக் கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோநொடி முந்துகிறது. அதைத் திருத்தாவிட்டால் தியாகராய நகரில் கடைதேடும் கைப்பேசி ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் வழிதவறிவிடும்.

மூன்றாம் உரையில் இக்பால் இசுலாமிய இறையியலாரான அசுஅரி மரபினரின் அணுக்கொள்கைக்கும், ஒன்பதாம் நூற்றாண்டுப் பசுராவின் நழ்ழாம் சொன்ன 'தாவல்' கருத்துக்கும் போகிறார். ஒரு பொருள் இடையிலுள்ள எல்லாப் புள்ளிகளையும் தொடாமல் தாவிச் செல்கிறது என்றார் நழ்ழாம். இதை அக்காலக் குவாண்டம் கொள்கையின் அருகில் இக்பால் நிறுத்துகிறார். என் கணிப்பில் உரைகளின் மெலிந்த பகுதி இதுவே. நழ்ழாமின் தாவல் இயக்கத்தைப் பற்றிய ஒரு தருக்கச் சிக்கலை அவிழ்க்க எழுந்தது. குவாண்டம் கொள்கையில் பிளாங்கின் ஆற்றல்துளி, சூடான பொருள் வெளியிடும் ஒளியை அளந்து பெற்றது. இரண்டும் தாவுவதால் உறவாகிவிடா. அணுவைப் பாடிய ஒரு பழம்பாட்டைக் காட்டி அணுக்கரு இயற்பியலே நம்முடையது என்று மேடையில் முழங்குவோர் தமிழரிடையிலும் குறைவில்லை என்பதால், இக்பாலை மட்டும் இதற்காகக் கடிவது முறையாகாது. இப்னு அல்-ஐதம் இருட்டறையில் ஒளியை ஆராய்ந்ததும், அல்-பிரூனி நந்தனாக் கோட்டை அருகே ஒரு மலைமேல் ஏறித் தொடுவானத்தின் சாய்வை அளந்து புவியின் ஆரத்தைக் கணித்ததும் உண்மையான பெருமைகள். அவை அளவையும் ஆய்வும் ஆனபடியால் உவமைத் துணை வேண்டாதவை.

மேற்கைக் குறித்த இக்பாலின் அரசியல் தீர்ப்பு, சென்னை உரைகளோடு அவர் பின்னர்ச் சேர்த்த உரைகளில்தான் கடுமையாகிறது. ஏழையைச் செல்வருக்காகச் சுரண்டும் மக்களாட்சிகள் என்று ஐரோப்பாவை அங்கே அவர் இடித்துரைக்கிறார். ஆனால் அந்தச் சினத்தை அவர் சமன்பாடுகள்மேல் ஏற்றவில்லை. பின்வந்தோர் எல்லோரும் இந்த வரம்பைப் பேணவில்லை. ஈரானிய அறிஞர் சையித் உசைன் நஸ்ர் 1960களில், இயற்கையின் புனிதத்தைக் களைந்ததே மேற்கத்திய அறிவியலின் அடிப்படைக் கோளாறு என்றார். சூழல் சீரழிவைக் கண்ட நமக்கு அந்தக் குரலில் உண்மை இருப்பது தெரியும். ஆயினும் ஆய்வகத்தில் அவர் எந்த அளவுகோலை மாற்றச் சொல்கிறார் என்று கேட்டால் விடை மங்கலாகிறது. பாகிசுதானிய இயற்பியலார் பர்வேசு ஹூத்பாய் 1991இல் எழுதிய நூலில் இத்தகைய 'இசுலாமிய அறிவியல்' முயற்சிகளைக் கூர்மையாக மறுத்தார். இந்த வழக்கில் நான் ஹூத்பாய் பக்கம் நிற்பவன். எனினும் இக்பாலை நஸ்ரோடு ஒரே கூண்டில் ஏற்றுவது பிழை.

உரைகள் 1930இல் லாகூரில் நூலாயின. 1934இல் மேலும் ஓர் உரை சேர்த்து ஆக்சுபோர்டு பல்கலைக்கழக அச்சகமே அந்நூலை வெளியிட்டது. சென்னையில் அவற்றின் தடம் இன்று மெலிந்துவிட்டது. தென்னிந்திய முசுலிம் கல்விச் சங்கம் 1951இல் இராயப்பேட்டையில் தொடங்கிய புதுக்கல்லூரியில் சார்பியல் இயற்பியல் பாடமாக இருக்கிறது. இக்பால் வேறு துறையினரின் பாடத்தில் கவிஞராக இருக்கிறார். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிப்பவர் அரிது.

காலம் பற்றி இக்பால் எழுப்பிய கேள்வியோ முடியவில்லை. அடையாற்றுக்கு அப்பால் தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனத்தை 1962இல் தொடங்கிவைத்தவர் அந்த மயிலாப்பூர் மாணவரான சந்திரசேகர். ஈர்ப்பையும் குவாண்டத்தையும் இணைக்கும் முயற்சிகளுக்கும் அங்கே இடமுண்டு. அத்துறையின் அடிப்படைச் சமன்பாடு ஒன்றில் காலம் என்ற குறியீடே காணாமற்போகிறது. அதை எங்கே மீட்பது என்று ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர். ஐன்ஸ்டைனுக்கும் இதில் மன அமைதி இல்லை. 'இப்போது' என்பதற்கு மாந்த வாழ்வில் தனிப்பொருள் இருக்கிறது, இயற்பியலுக்குள் அது அகப்படுவதில்லை என்று அவர் வருந்தியதை மெய்யியலார் ருடால்ஃபு கார்னாப்பு பதிவுசெய்திருக்கிறார். கார்னாப்பு அதில் சிக்கல் இல்லை என்று எண்ணினார். ஐன்ஸ்டைன் அந்த விடையை ஏற்கவில்லை.