ஆயிரம் அடி தள்ளி நில்!

மருந்தா, போதையா? – 7

1996 நவம்பரில் கலிபோர்னியா வாக்காளர்கள் மருத்துவக் கஞ்சாவுக்குச் சம்மதம் சொன்ன கதையைப் போன வாரம் பார்த்தோம். டாக்டர் சொன்னால் நோயாளி கஞ்சா வைத்திருக்கலாம், வளர்க்கலாம் என்றது அந்தச் சட்டம். எங்கே வாங்குவது என்பது பற்றி மூச்சு விடவில்லை. கீமோதெரபி முடிந்து வாந்தியில் துவண்டு கிடப்பவர், தொட்டியில் விதை போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க முடியுமா? 2003-ல் மாநிலச் சட்டமன்றம் நோயாளிகள் கூட்டாகப் பயிரிடலாம் என்று இன்னொரு சட்டம் போட்டது. அந்தச் சந்தில் நுழைந்தவைதான் கடைகள். கடை என்றால் கட்டடம் வேண்டும். கட்டடம் என்று வந்துவிட்டால் நகராட்சி வராமல் இருக்குமா?

லாஸ் ஏஞ்சலிஸ் அடித்த கூத்தைக் கேளுங்கள். 2007-ல் புதுக் கடைகளுக்கு இடைக்காலத் தடை. ஏற்கெனவே இருந்த கடைகள் மட்டும் பதிந்துகொள்ளலாம் என்றார்கள். 180-க்குச் சற்று மேல் பதிந்தன. கூடவே, 'தடையால் எனக்குக் கஷ்டம்' என்று விதிவிலக்குக் கேட்டு மனுப் போடவும் வழி வைத்தார்கள். மனுவை நீட்டிய கையோடு பலர் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள். நகர மன்றமோ அந்த மனுக்களைச் சீக்கிரம் கையில் எடுக்கவில்லை. தடை இருக்கும்போதே கடைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன.

2012 ஜூலையில் எல்லாவற்றையும் மூடு என்று மன்றம் ஒருமனதாக முடிவெடுத்தது. கடைக்காரர்கள் கையெழுத்து வேட்டையில் இறங்கி, விஷயத்தைப் பொது வாக்கெடுப்புவரை இழுத்தார்கள். அக்டோபரில் மன்றமே பின்வாங்கியது. 2013 மே மாதம் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 'பிரேரணை டி' இன்னும் விசித்திரம். கடை நடத்துவது குற்றம்தானாம். ஆனால் 2007 தடைக்கு முன்பிருந்தே இயங்கும் சுமார் 135 கடைகள்மேல் நடவடிக்கை கிடையாதாம். அவற்றுக்கும் லைசென்ஸ் என்று ஒரு தாள்கூடக் கிடையாது. பள்ளிக்கூடத்திலிருந்து 1,000 அடி, பூங்கா, நூலகம், வழிபாட்டுத் தலங்களிலிருந்து 600 அடி தள்ளி இருக்க வேண்டும். ஆயிரம் டாலர் விற்றால் 60 டாலர் வரி. குற்றம் என்று எழுதிய அதே பேனாவால் வரி ரசீதும் எழுதினார்கள்!

அதே மாதம் 6-ஆம் தேதி, மாநில உச்ச நீதிமன்றம் ரிவர்சைடு நகரத்தின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்த நகரம் நில உபயோக விதியிலேயே கஞ்சாக் கடையைப் 'பொதுத் தொல்லை' என்று சேர்த்துவிட்டது. மாநிலம் அனுமதித்ததை ஒரு நகரம் தடுக்கலாமா என்பது கடைத் தரப்பின் கேள்வி. 1996 சட்டம் தண்டனையைத்தான் நீக்கியது, கடை திறக்கும் உரிமையைத் தரவில்லை என்று நீதிபதிகள் ஏகமனதாகக் கையை விரித்தார்கள். சட்டப்படி சரியான தீர்ப்புதான். ஆனால் மருந்து தேவைப்படுகிறவர்களில் கார் ஓட்டமுடியாதவர்களும் இருப்பார்களே? அடுத்த ஊருக்குப் போய் வாங்கிக்கொள் என்பது அவர்களிடம் எடுபடுமா? 2016-ல் பொதுவான விற்பனையையே சட்டபூர்வமாக்கியபோதும், கடை வேண்டுமா வேண்டாமா என்ற முடிவு உள்ளூர் மன்றங்களிடமே விடப்பட்டது.

கொஞ்சம் விடிவு வந்தது 2022-ல். நோயாளியின் வீட்டுக்கே மருத்துவக் கஞ்சாவைக் கொண்டுபோய்க் கொடுப்பதை எந்த நகராட்சியும் தடுக்கக் கூடாது என்று மாநிலம் சட்டம் இயற்றி, 2024 ஜனவரி 1 முதல் அமலாக்கியது. கடைக்குக் கதவடைத்த ஊர்களிலும் இப்போது டெலிவரி வண்டி வரலாம். அந்த வண்டிக்காரர் வாங்கும் பணத்தை எந்த வங்கியில் போடுவார் என்பது தனித் தலைவலி. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)