டாங்கிக்கும் துரு வேணும்!

ஆவடியில் 1965-ல் உருவான விஜயந்தா டாங்கியை அட்டையில் செய்து, பச்சை எனாமல் அடித்தேன். "பொம்மை மாதிரி இருக்குடா" என்றார் சார். அழுகையே வந்துவிட்டது.

சாயங்காலம் பாம்பனில் மீன் லாரியைப் பார்த்தேன். உப்புத்தண்ணி தங்குற ஓரம், மூலை, போல்ட்டில்தான் துரு. அங்கிருந்து கோடாகக் கீழே வடிந்திருந்தது. அப்படியே செய்தேன்:

1. கறுப்பு வாட்டர் கலரை நீர்க்கக் கரைத்து, எனாமலில் பரவ ஒரு சொட்டு ஷாம்பு விட்டுப் பூசினேன். துணியால் துடைத்ததும் இடுக்கில் மட்டும் அழுக்கு நின்றது.

2. ஓரங்களில் காவி நிறத்தை ஸ்பாஞ்சால் ஒற்றினேன். கொஞ்சம் போதும், ராணுவத்தில் வண்டியைத் துருப்பிடிக்க விடமாட்டாங்க.

3. சக்கரச் சங்கிலி தரையில் உரசித் தேய்ந்து மினுங்கும். அங்கே பென்சில் தூள் தேய்த்தேன்.

மறுநாள் சார் கேட்டார்: "எந்தப் போருக்குப் போய் வந்துச்சு?"

"1971 போர், சார்!"