வீடு விற்ற பணம் ஜூலை 31 அன்று எங்கே இருக்க வேண்டும்?

வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்வதற்குரிய ஜூலை 31 என்னும் கெடு நெருங்கும்போதெல்லாம், சென்ற நிதியாண்டில் சொந்த வீட்டைக் கிரயம் செய்துகொடுத்த வாசகர்களிடமிருந்து வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பிரமையை வெவ்வேறு வார்த்தைகளில் வெளியிடுகின்றன: வேறு வீடு வாங்க இரண்டாண்டும் கட்டிக்கொள்ள மூன்றாண்டும் சட்டமே அவகாசம் கொடுத்திருப்பதால், அதுவரையில் பணம் தங்கள் சேமிப்புக் கணக்கிலோ வைப்புத்தொகையாகவோ பத்திரமாக இருந்தால் போதும் என்பதே அது. வில்லங்கச் சான்று, பட்டா, தரகர் கமிஷன் முதலிய விஷயங்களை வீடு விற்றவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்களாதலால், அவற்றை விட்டுவிட்டு இந்த ஒரு பிரமையையே சற்று நிதானமாக ஆராய விரும்புகிறேன்.

அந்த அவகாசம் வீட்டுக்கு உரியது; பணத்துக்கு அன்று. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 54-ஆவது பிரிவு, இரண்டாண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றதில் கிடைத்த மூலதன ஆதாயத்தை வேறொரு வீட்டில் போடுகிறவருக்கு வரி விலக்கு அளிக்கிறது. ஆனால் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுநாளுக்குள் அந்த ஆதாயத்தில் செலவாகாமல் நிற்கும் பகுதியை, 1988-இல் ஏற்படுத்தப்பட்ட மூலதன ஆதாயக் கணக்குத் திட்டத்தின்கீழ் வங்கியில் தனிக் கணக்குத் திறந்து செலுத்திவிட வேண்டுமென்றும் அதே பிரிவு விதிக்கிறது. 2025 செப்டம்பரில் வீட்டை விற்று 40 லட்சம் ரூபாய் ஆதாயம் பெற்ற ஒருவர், 2027 ஜனவரியில், அதாவது இரண்டாண்டு முடியுமுன்னரே, வேறு வீடு வாங்கிவிட்டாலும், 2026 ஜூலை 31 அன்று அப்பணம் சாதாரண வைப்புத்தொகையாக இருந்திருந்தால், 12.5 சதவீத விகிதத்தில் 5 லட்சமும் அதன்மேல் உபரி வரியும் கட்டும்படி அதிகாரி கேட்கலாம்.

இதில் ஒரு யுக்தி இருப்பதை மறுப்பதற்கில்லை. ஒருவர் வீடு வாங்க உத்தேசித்திருக்கிறாரா இல்லையா என்று அவர் மனத்துக்குள் புகுந்து பார்க்க இயலாத சர்க்கார், அந்த உத்தேசத்துக்கு ஜாமீனாகப் பணத்தையே கட்டிவைக்கச் சொல்கிறது. ஆனால் ஜாமீனின் நிபந்தனைகளைப் படிக்கும்போதுதான், ‘சலுகை’ என்று அதிகாரபூர்வமாக வர்ணிக்கப்படும் இந்த ஏற்பாட்டில் பணம் யாருடைய சுவாதீனத்தில் இருக்கிறது என்ற சந்தேகம் எழுகிறது. எடுத்த தொகையை 60 நாட்களுக்குள் வீட்டுக்கே செலவிட வேண்டும். மீந்ததை மறுபடி கணக்கில் கட்ட வேண்டும். அதைக் காட்டிக் கடன் வாங்கக் கூடாது. வட்டிக்கு ஆண்டுதோறும் வரி உண்டு. கணக்கை முடிக்க வரி அதிகாரியின் சம்மதம் வேண்டும். மூன்றாண்டு கழிந்தும் செலவாகாத தொகை, அவ்வாண்டின் ஆதாயமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படும். பணத்துக்குரியவர் இடையில் காலமாகிவிட்டால் மட்டும், எஞ்சிய தொகைக்கு வாரிசுகள் வரி கட்ட வேண்டியதில்லை என்று 1996-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை ஒன்று கூறுகிறது. முழு விமோசனத்துக்கு இப்படியொரு மார்க்கத்தையும் திறந்து வைத்திருக்கிறார்கள்!

கணக்கில் செலுத்தத் தவறியவர்கள் அடியோடு நம்பிக்கையிழக்க வேண்டியதில்லை. மூன்றாண்டுக்குள் பணத்தை மெய்யாகவே வீட்டில் போட்டதை நிரூபிப்பவருக்கு, இந்தச் சடங்கு தவறியதற்காக மாத்திரம் விலக்கை மறுக்கலாகாது என்னும் கருத்துப்படச் சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்திருக்கிறது. எனினும் வழக்காடிப் பெறும் நியாயத்தைவிட வங்கிக்குப் போய்ப் பெறும் ரசீது மலிவானது. கிராமப்புறக் கிளைகளில் இக்கணக்கைத் திறக்க முடியாதென்பதால், கடைசி வாரம்வரை காத்திராமல் இப்போதே விசாரித்துக்கொள்வது நல்லது. வீட்டை விற்றவர் செலுத்த வேண்டியது ஆதாயத்தை மட்டுமே, விற்ற தொகை முழுவதையும் அன்று. வெறும் மனையை விற்றவருக்கு விதி வேறு.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமான விடைகளே போதும்.

பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால்? அதைவிட வழிகாட்டி மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் கூடுதலாயிருந்தால், கைக்கு வராத அந்தத் தொகையும் வந்ததாகவே கொள்ளப்படும்.

முன்பணத்தை ரொக்கமாக வாங்கலாமா? 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்கினால், வாங்கிய அதே தொகை அபராதமாகலாம். அபராதம் கொடுத்தவருக்கு அன்று, வாங்கியவருக்கு.

12.5 சதவீதமா, விலைவாசி ஏற்றத்தைக் கழித்து 20 சதவீதமா? 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடானால், இந்தியாவில் வசிப்பவர் இரண்டையும் கணக்கிட்டுக் குறைந்ததைக் கட்டலாம். எளிமைப்படுத்துவதாகச் சொல்லி இரண்டு கணக்குப் போட வைத்திருக்கிறார்கள்.

விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேலானால்? வாங்குபவர் 1 சதவீதம் பிடித்துக் கட்டுவார். அது உங்கள் பெயரில் வரவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

முழுப் பணமும் வருமுன் மூலப் பத்திரங்களைக் கொடுக்கலாமா? கூடாது.